பார்வையில் காணும்

சிவகங்கையிலிருந்து வந்த பழுப்பு உறையில்
என் பெயருக்கு முன்னால்
முதல்முறையாக ஒரு 'திருமதி'.
புதுவயல் மில்லில் நெல் கிண்டிக்கொண்டிருந்தேன்.
கையில் உமி. துடைத்துவிட்டுத்தான் பிரித்தேன்.

'காரைக்குடி வட்டாட்சியர் அலுவலகத்தில்
ஈப்பு ஓட்டுநராகப் பணிபுரிந்து
பணியிடையே காலமான திரு. அ. சேவுகன்,
அன்னாரின் மனைவி...'

அன்னார்.
பதினேழு வருஷம் நான் கூப்பிட்டது
'ஏங்க', கோபம் வந்தால் 'இந்தா'.
கண்டனூர் விலக்கில் வண்டியை நிறுத்தி
வறுத்த பட்டாணி வாங்கிச் சட்டைப்பையில் கொட்டி
எண்ணெய்க் கறையோடு வருகிறவர்
எந்த ஊரில் அன்னார் ஆனார்?

அடுத்தாற்போல் 'பார்வை' என்று போட்டு
ஒன்று முதல் ஏழு வரை எண்கள்.
இரண்டாவது நான் கொடுத்த மனு.
மூன்றாவது, அது தொலைந்ததால் மறுபடி கொடுத்த மனு.
நாலாவது, 'காலிப்பணியிடம் ஏதுமில்லை' என்று
அவர்கள் போட்ட பதில்.
அன்றைக்கு எங்கள் வீட்டில்
ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது.
ஏழு பார்வை பார்த்திருக்கிறார்கள்.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை
யாரும் நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை.

ஐந்தாவது என் மாமியார் பெரியநாச்சி கொடுத்த
தடையின்மைச் சான்று.
இளையவன் முத்தழகுக்கு வேண்டுமென்று
ஒன்றரை வருஷம் பேசாதிருந்தவள்.
மை தொட்ட கட்டைவிரலைத் தாளில் ஊன்றும்போது
குலுங்கி அழுதாள்.
மகனுக்காகவா, வேலைக்காகவா என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.
மாசம் நாலாயிரம், அஞ்சாம் தேதிக்குள்.
இது எந்தப் பத்திரத்திலும் இல்லை.
ஆனால் ஆணையின் ஆறாவது நிபந்தனை சொல்கிறது:
இறந்தவரைச் சார்ந்த பிறரைப் பராமரிக்கத் தவறினால்
நியமனம் ரத்து.
அரசாங்கமும் மாமியாரும்
பேசிவைத்துக்கொண்டது மாதிரி ஒரே குரல்.

கருணை அடிப்படையில், தற்காலிகமாக,
முன்னறிவிப்பின்றி நீக்கப்படுவதற்கு உட்பட்டு,
அலுவலக உதவியாளர்.
மில்லில் எல்லாரும் கைதட்டினார்கள்.
மேஸ்திரி மட்டும்
களத்தில் பாதி நெல் கிண்டாமல் கிடக்கு என்றார்.
கிண்டிவிட்டுத்தான் வந்தேன்.

முதல் நாள்.
பதிவேட்டில் கையெழுத்து, டீ ஒன்பது,
ஒரு டீக்குச் சர்க்கரை இல்லை.
பதினோரு மணிக்கு ஹெட்கிளார்க்
ஒரு தாளையும் பசைக்கிண்ணத்தையும் நீட்டினார்.
பலகையில் ஒட்டிட்டு வாம்மா.

ஏல அறிவிப்பு.
கழிவு செய்யப்பட்ட ஈப்பு ஒன்று.
த.நா. 63 ஜி என்று தொடங்கி
எனக்கு மனப்பாடமான நாலு இலக்கம்.
முன்வைப்புத் தொகை ஐயாயிரம்.
வாகனம் உள்ளது உள்ள நிலையில் விற்கப்படும்.

எட்டாம் வகுப்பு படித்தவள்தான்,
எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன்.
பசை அதற்குள் காய்ந்துவிட்டது.
மறுபடி தடவி, நாலு மூலையும் அழுத்தி ஒட்டினேன்.
காற்றில் தூக்கிக்கொள்ளக் கூடாதாம்.

கொல்லைப்பக்கம் வேம்பின் கீழ் நின்றது.
டயரில்லாமல், செங்கல்லின் மேல்.
கண்ணாடியில் காக்கை எச்சம்.
சீட்டு இன்னும் பின்னுக்குத் தள்ளியே இருந்தது;
அவருக்கு நீளக் கால்.
கதவைத் திறக்கவில்லை.
திறக்க எனக்கு அதிகாரம் உண்டா என்று
ஆணையில் எங்கும் போடவில்லை.

ராத்திரி பெரியநாச்சியிடம் சொன்னேன்.
சோற்றில் வைத்த கையை எடுக்காமல்
கொஞ்ச நேரம் இருந்தாள்.
என்ன விலைக்குப் போகும் என்று கேட்பாளென
நான் பதிலை எண்ணி வைத்திருந்தேன்.

'ஏத்தா, முன்னாடி
கொப்புடையம்மன் படம் ஒட்டி வச்சிருந்தானே,
அதையும் சேத்தா ஏலம் விடுவாக?'

உள்ளது உள்ள நிலையில், என்றேன்.